கவிழ்த்துப் போட்ட படகும் இரண்டாம் பாகமும்

இரண்டாம் பாகம் வந்துவிட்டது என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, ஒரு தயக்கம். ரொம்ப நாள் பார்க்காத ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார் என்றால், ஓடிப்போய்க் கதவைத் திறக்கும் முன் கண்ணாடியில் நம் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வோமே, அந்த மாதிரி. முதல் பாகத்தைப் படித்த காலத்தில் எனக்கு நரை இல்லை. படிக்க மூக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. படப்பையில் நாங்கள் இப்போது இருக்கும் வீடு அப்போது வெறும் கல் நட்ட மனை. அதில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் புத்தகத்தை விட்ட இடத்தில் நான் நிற்கவில்லை. அது மட்டும் எனக்காக நின்றிருக்குமா?

அது ஒரு பெரிய கற்பனைக் கதை. ராஜாக்கள், மலைகள், பேசுகிற பறவைகள், முன்பக்கத்தில் மடித்து வைத்த வரைபடம். "இந்த வயசுல இன்னாத்துக்கு உனக்கு மந்திரக் கதை?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அவர் மட்டும் தினமும் யாரோ இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடுவதைப் பார்க்கலாம்.

கதை இதுதான். கடல் பின்வாங்கிப் போன ஒரு நாடு. எப்போதோ ஒரு நாள் கடல் தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டது. துறைமுகங்கள் அப்படியே நிற்கின்றன. கலங்கரை விளக்கில் புறா அடைகிறது. நங்கூரத்தில் துணி காய்கிறது. ஆனாலும் அந்த ஊர் ஜனங்கள் வருஷா வருஷம் தங்கள் படகுகளுக்குத் தார் மாதிரிக் கறுத்த கீல் பூசுகிறார்கள். கடல் திரும்பி வரும் நாளில் ஒழுகக் கூடாதே! அப்படிப் பலகை இடுக்குகளில் சூடாகக் கீல் பூசுகிற ஒருத்திதான் கதாநாயகி. புத்தகத்தில் அவளுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நாங்கள் கீல்காரி என்றே சொல்வோம். கடல் எங்கே போனது என்று தேடி அவள் மலைநாட்டுப் படையோடு கிளம்புகிறாள். கிளம்புகிற விடியலில் அவளும் தங்கையுமாகச் சேர்ந்து படகைப் புரட்டி, பனைமரத்தடியில் கவிழ்த்துப் போடுகிறார்கள். நான் வந்து நிமிர்த்துகிறேன் என்று சொல்லிவிட்டு நடக்கிறாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கணவாயில் நின்று காது கொடுக்கிறாள். தூரத்தில் ஓர் இரைச்சல். காற்றா, அலையா, தெரியவில்லை. புத்தகம் முடிந்துவிடுகிறது.

அந்த இரைச்சலை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஓட்டினேன். கம்பெனியின் ஏ.சி. இரைச்சலில் அது கேட்கும். மழை விட்ட மறுநாள், ரோட்டோரத்து ஏரியில் காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்கும். அடுத்த பாகம் வரும் வரும் என்றார்கள். பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் வேறு வேறு புத்தகங்களுக்குப் போய்விட்டேன். எதிலும் உட்காராத மனசு எனக்கு; ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பேன். அந்த ஒன்றுதான் தன்னைப் பாதியில் வைத்துவிட்டு என்னைப் போகச் சொன்னது.

'நாங்கள்' என்று சொன்னேன். அது எங்கள் கம்பெனி பஸ்.

காலையில் படப்பையில் ஏறினால் ஒரகடம் வழியாக வல்லம் வடகாலில் எங்கள் கேட் வரைக்கும் அந்தப் பஸ். கம்பெனி பஸ்ஸில் யாரும் இருக்கை ஒதுக்கித் தருவதில்லை. ஆனால் ஏறிய முதல் வாரத்தில் எங்கே உட்கார்ந்தோமோ அதுதான் சாகும் வரைக்கும் நம் இடம். லீவில் போனாலும் அந்த இடம் காலியாகத்தான் வரும். மற்றவர்கள் நின்றுகொண்டு வருவார்கள். என் இடம் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தெற்கே, செம்மண் தேரிக்காட்டுப் பக்கத்து ஊர். டிரெய்னியாக வந்தவள். அடுத்த நிறுத்தத்தில், லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் ஏறுவாள். ஏறியதும் ஊரில் இருக்கும் தங்கையோடு ஃபோனில் கொஞ்ச நேரம் சண்டை போடுவாள். தண்ணி பிடிச்சியா, அம்மா மாத்திரை சாப்பிட்டாளா, என் சுடிதாரை யாருட்டக் கேட்டு எடுத்த. அப்புறம் ஃபோனை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வாள். பஸ்ஸில் அவளுக்குக் குமட்டும்.

நான் மடியில் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்து ஒரு நாள் கேட்டாள். "எக்கா, ஓடுத பஸ்ல எப்படி வாசிக்கிய? எனக்கு எழுத்தப் பாத்தாலே கொடலு மேல வருது."

அப்போது நான் முதல் பாகத்தை எத்தனையாவது தடவையோ படித்துக்கொண்டிருந்தேன். "நான் வேணும்னா சொல்றேன், நீ கண்ண மூடிக்கினு கேளு" என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் வந்த முதல் மழைக்காலம் பூராவும் சொன்னேன். போகும்போது மட்டும்தான் கதை. திரும்பும்போது பஸ்ஸே தூங்கும்.

எங்கள் டிரைவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். கதையே காதில் விழாதவர் மாதிரி ஓட்டுவார். ஆனால் முக்கியமான இடத்தில் ஹார்ன் அடிக்க மாட்டார். ஒருமுறை கீல்காரி பாலைவனத்தில் மாட்டிக்கொண்ட இடத்தில் நான் கேட் வந்துவிட்டதே என்று நிறுத்தியபோது, இறங்குகிற என்னைக் கண்ணாடியில் முறைத்தார். "இன்னாமா, அத்த அங்கயே வுட்டுட்டு டூட்டிக்குப் போவ? உனக்கே நல்லா கீதா?"

கேட்டில் செக்யூரிட்டி ஃபோன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். காகிதம் எதுவும் உள்ளே போகக் கூடாது. தூசி. நாங்கள் செய்வது சர்க்யூட் போர்டு. அதற்கு ஒரு நூல் பஞ்சு கூட ஆகாது. அதனால் புத்தகத்தை டிரைவரிடமே விட்டுவிட்டுப் போவேன். சாமி படத்துக்குக் கீழே, ஊதுபத்தி டப்பாவுக்குப் பக்கத்தில் அதுக்கு ஓர் இடம் உண்டு. சாயங்காலம் எடுத்துக்கொள்வேன். லேசாகச் சந்தன வாசனை அடிக்கும்.

முதல் பாகம் முடிந்த அன்று அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். "பொறவு?"

"அவ்ளோதான். ரெண்டாவது இன்னும் வரல."

"நல்ல கதையா இருக்கே! காத்தா அலையான்னு சொல்லாம எந்தரிச்சிப் போயிட்டாரா அந்த மனுசன்?"

அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்காத மாதமே இல்லை. வந்துட்டாக்கா? வரலையா? டிரைவரும் கண்ணாடியில் புருவத்தைத் தூக்குவார். நான் உதட்டைப் பிதுக்குவேன். அவர் கியர் மாற்றுவார்.

வந்தது. ஆனால் எப்போது வந்தது என்றால், அவளுடைய டிரெய்னிங் காலம் முடியப் போகிற சமயத்தில். நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்திருந்தது. புத்தகம் தலையணை உயரம். அவள் அதை என் மடியிலிருந்து தூக்கிப் பார்த்துவிட்டு, எடை தாங்காதவள் மாதிரி நடித்துத் திரும்ப வைத்தாள்.

"எக்கா, நான் போறதுக்குள்ள முடிச்சிரணும். கடல் வருதா, அவ போயிப் படக நிமுத்துதாளா, அத மட்டுமாவது தெரிஞ்சிக்கிட்டுத்தான் பஸ் ஏறுவேன். இல்லாட்டா ஓசூர்ல போயி எனக்கு ஒறக்கம் வராது, பாத்துக்கிடுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நான் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் பாதி கெட்டது அதனால்தானோ என்று இன்றைக்கும் சந்தேகம். ருசித்துப் படிக்க வேண்டியதை விழுங்கினேன். ராத்திரிச் சமையலில், வாஷிங் மெஷின் சுற்றும் நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில்.

முதலில் அந்த முன்கதைச் சுருக்கம். முதல் பாகத்தைப் படிக்காதவர்களுக்காக இரண்டு பக்கம். எங்கள் ஒரு மழைக்காலத்தை இரண்டு பக்கத்தில் மடித்திருந்தார்கள். போர், உடன்படிக்கை, வாரிசு, கணவாய், எல்லாம் இருந்தது. படகு இல்லை. அங்கேயே எனக்கு நெருடியது. என் வேலை அப்படி. லென்ஸுக்கு அடியில் போர்டு வரும். அதில் இருப்பதைப் பார்ப்பது வேலை இல்லை, இல்லாததைப் பார்ப்பதுதான் வேலை. பற்றவைத்த வெள்ளி வட்டங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் வெறுமையாக இருந்தால் கண் தானாகப் போய் அங்கே நிற்கும். அதே கண்ணோடு கதை படிக்கக் கூடாது. தெரியும். ஆனால் கண்ணைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டா வர முடியும்?

வரைபடம் பெரிதாகியிருந்தது. முன்பு ஒரு கடற்கரையும் ஒரு மலையும்தான். இப்போது தீவுகள், பேரரசுகள், பனிப் பிரதேசங்கள். புதுப்புது ராஜாக்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரு சித்தப்பா, எல்லாச் சித்தப்பாக்களுக்கும் ஒரு துரோகம். முதல் பாகத்தில் அந்த எழுத்தாளருக்கு மனிதர்களைத் தெரிந்திருந்தது. ஒருத்தி கீல் சட்டியை இறக்கும்போது முந்தானையை எப்படிப் பிடிப்பாள் என்று தெரிந்திருந்தது. இரண்டாம் பாகத்தில் அவருக்கு அரண்மனைகள் தெரிந்திருந்தன. கீல்காரி வருகிறாள், ஒரு படைப் பிரிவுக்குத் தலைவியாக, நல்ல கவசத்தோடு. ஆனால் அவள் விரல் நகத்தில் கறுப்பு இல்லை. அதைக் கழுவியது யார்? பக்கத்துக்குப் பக்கம் நான் அந்தக் கறுப்பைத் தேடினேன்.

பிறகு அவள் காணாமல் போனாள். ராஜாக்களின் கல்யாணம் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடந்தது. கடைசியில் ஒரு முற்றுகை. அந்த அத்தியாயத்தின் நடுவில், ஒரு வாக்கியத்தின் நடுவில், அவள் செத்துக் கிடந்தாள். "வடக்கு வாயிலில் விழுந்தவர்களில் கீல் பூசும் குலத்தவளும் ஒருத்தி என்றான் தூதன், மன்னன் கேட்டுவிட்டு வரைபடத்தை மடித்தான்." அரை வாக்கியம். மீதி அரையில் மன்னன் வரைபடத்தை மடிக்கிறான்.

புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு துணி காயப்போட மாடிக்குப் போனேன். கொடியில் ஒரு சட்டையைத் தொங்கவிட்டேன், எடுத்தேன், மறுபடியும் தொங்கவிட்டேன். கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். எத்தனை வருஷம் காத்திருந்தேன், இதற்கா? அந்த இரைச்சலை நான் பத்திரமாக வைத்திருந்தேனே, அவர் வைத்திருக்கவில்லையா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை, அதுதான் தொல்லை. புத்தகத்தின் கடைசியில் கடல் வருகிறது. அந்தப் பக்கங்களைப் போல நான் எதையும் படித்ததில்லை. கடல் ஓடி வரவில்லை. முதலில் வாசனை வருகிறது, ஊரிலுள்ள கிழவர்கள் மட்டும் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறார்கள். பிறகு கிணறுகள் உவர்க்கின்றன. பிறகு மணல் நிறம் மாறுகிறது. ஒரு குழந்தை தன் பாதத்தைத் தூக்கிப் பார்க்கிறது; அது நனைந்திருக்கிறது. மாடியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபடியே படித்தேன். கண்ணாடி மங்கி, துடைத்துத் துடைத்துப் படித்தேன். ஈரத் துணிகள் வாளியிலேயே கிடந்தன.

இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது? அவளை அரை வாக்கியத்தில் கொன்ற அதே கை. வெறுக்கலாம் என்றால் கடலைக் கொண்டுவந்துவிட்டார். கொண்டாடலாம் என்றால் கடல் வரும்போது அதைத் தேடிப் போனவள் இல்லை. படகைப் பற்றியோ பேச்சே இல்லை. பனைமரம் ஒரு வரியில் வருகிறது, அலை அதன் தூரைத் தொடுகிறது. அடியில் கவிழ்ந்து கிடந்தது என்ன ஆயிற்று? மறந்துவிட்டார். சத்தியமாக மறந்துவிட்டார்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. ராஜாக்களைச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் ஒரு சித்தப்பா. பனிநாட்டு இளவரசியின் கல்யாணத்துக்கு என்னென்ன சீர் வந்தது என்று ஒரகடம் மேம்பாலம் ஏறி இறங்கும் வரை சொன்னேன். அவள் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றுவாள். "ம்" என்பாள். "அவ எப்பக்கா வருவா?" என்பாள். "வருவா, வருவா."

ஒரு சாயங்காலம் டிரைவரிடமிருந்து புத்தகத்தை வாங்கியபோது உள்ளே ஒரு வேப்பிலை ஈர்க்கு இருந்தது. பார்க்கிங்கில் வேப்பமரத்தடியில்தான் பஸ் நிற்கும்; ஜன்னல் வழியாகப் பறந்து வந்திருக்கும் என்று எடுத்து வெளியே போட்டேன்.

அவள் வேலைக்கு வரும் கடைசி வாரம். ஒரகடம் கூட்டு ரோடு சிக்னலில் பஸ் நின்றது. ஒரு பக்கம் கார் ஏற்றிய நீள லாரி, இன்னொரு பக்கம் ஷேர் ஆட்டோ. நான் ஏதோ ஒரு தளபதி ஏதோ ஒரு மோதிரத்தைத் தொலைத்ததை நீட்டிக்கொண்டிருந்தேன். டிரைவர் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னாமா நீ! அந்தக் கீல்காரிப் பொண்ணே பூட்ச்சு, அத்தச் சொல்லாம மோதிரக் கதைய சொல்லிக்கினு கீற!"

பின்னால் யாரோ இயர்ஃபோனைக் கழற்றினார்கள்.

"அண்ணே!" என்றேன்.

அவர் திரும்பினார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பாப்பாவுக்கு நீ இன்னும் சொல்லலையா? நான் போன வாரமே முடிச்சிட்டேன். டூட்டி முடியிற வரைக்கும் வண்டியிலயே தானே குந்திக்கினு கீறேன். சும்மா பெரட்டினேன்... என் அடையாளத்த வேற எடுத்துக் கடாசிட்ட, தேடித் தேடிக் கண்டுபிடிச்சேன்." ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனுக்கும் கஷ்டமாத்தான் இருந்திச்சி" என்றார்.

அவள் கண்ணைத் திறந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாக லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். "செத்துட்டாளாக்கா?"

"ம்."

கேட் வந்ததும் அவள் முதல் ஆளாக இறங்கிப் போனாள். ஸ்டிக்கர் ஒட்டுகிற இடத்தில் எனக்கு முன்னால் நின்றாள். அவள் பின்னலில் ரப்பர் பேண்ட் பாதி கழன்றிருந்தது.

மறுநாள் தங்கையோடு ஃபோன் பேசாமலே வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். "எந்தப் பக்கம்னு காட்டுங்க."

"வேணாம்டி, உனக்கு வாந்தி வரும்."

"நீங்க காட்டுங்கக்கா."

எடுத்துக் கொடுத்தேன். விரலை அந்த இடத்தில் வைத்தேன். அவள் உடனே படிக்கவில்லை, அந்த இடத்தில் தன் விரலை மட்டும் வைத்துக்கொண்டாள். பஸ் குலுங்கிக்கொண்டே போனது. ஒரகடம் சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றது. அப்போதுதான் குனிந்தாள். எல்லோரும் வாசிக்கிற வேகத்தில் அவள் வாசிக்கவில்லை, உதடு அசைந்தது. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. பின்னால் ஒரு கன்டெய்னர்காரன் ஹார்னில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. எங்கள் டிரைவர் அசையவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏறிப் போவியா மேல? போ பாக்கலாம்!" என்று அவனுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு, மறுபடியும் நேராக உட்கார்ந்துகொண்டார். சிவப்பு மறுபடி விழுந்தது.

அவள் நிமிர்ந்தாள். அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

"ஒரு வரிதானா?" என்றாள்.

"அரை வரி."

"எங்களுக்கும் அப்படித்தானக்கா சொன்னாவ. மீட்டிங் ஹாலுக்குக் கூப்ட்டு, இன்னின்னார் இந்த மாசத்தோட முடியுதுன்னு. அடுத்த பேச்சு கேன்டீன் டோக்கனப் பத்தி." அவள் சிரித்தாள். கசப்பாக இல்லை. "இவரு கேன்டீனுக்குப் பதிலா மேப்ப மடிச்சிட்டாரு."

அந்த அரை வாக்கியத்தின் மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே ஓர் அடி பின்வாங்கியது. தப்பு என்று இப்போதும் சொல்வேன். அவளுக்கு ஓர் அத்தியாயம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் மனுஷர்கள் போகிறது அப்படித்தான் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாததா? எங்கள் லைனிலேயே எத்தனை பேர் போயிருக்கிறார்கள், அவர்கள் இடத்தில் வேறு ஒரு தொப்பி, வேறு ஒரு மாஸ்க். தெரிந்து எழுதினாரா, சலித்துப் போய் எழுதினாரா? இரண்டுமாக இருக்கலாம். ஒரே நாளில் நான் குழம்பை நன்றாகவும் வைப்பேன், சோற்றைக் குழையவும் விடுவேன்.

"சரி, கடல் வருதா?" என்றாள்.

"வருது."

"அதச் சொல்லுங்க. சொல்லாண்டாம், வாசிங்க. அவரு எழுதுனதயே வாசிங்க."

வாசித்தேன். அன்றைக்குப் பாதி, அவளுடைய கடைசி நாளன்று மீதி. நான் பஸ்ஸில் இவ்வளவு நாள் கதையைச் சொல்லித்தான் இருக்கிறேன், ஒரு நாளும் வாசித்ததில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கிழவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். கிணறுகள் உவர்த்தன. ரோட்டோரத்து ஏரியில் மழைத்தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, அதை ஒட்டி ஜே.சி.பி. ஒன்று மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. குழந்தையின் பாதம் நனைந்த இடத்தில் அவள் தன் செருப்பிலிருந்து காலை வெளியே எடுத்து, விரல்களை மடக்கி விரித்தாள். தெரிந்து செய்தாளா தெரியாது.

முடித்தேன். வல்லம் வடகால் திருப்பத்தில் பஸ் சாய்ந்தது.

"நல்லாருக்கு," என்றாள். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லாருக்கு. படகு?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் சொன்னார். "படகு எங்கயும் வரலமா. நானும் தேடிட்டேன். கடசி அட்ட வரைக்கும் பெரட்டிட்டேன்."

"கவுத்துப் போட்டுல்லா கெடக்கு. தண்ணி வந்தாலும் தானா நிமுராதே. ஒரு ஆளு வேணும்லா."

"மூணாவது பார்ட்டுல வருமோ இன்னாமோ," என்றார் டிரைவர். அவருக்கே நம்பிக்கை இல்லை.

கேட்டில் இறங்கும்போது அவளுக்குப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டாம் பாகத்தை நீட்டினேன். அவள் தலையாட்டினாள். "இது வேண்டாம்க்கா. மொத பாகத்தத் தாங்க. ஓசூர்ல ரூம்ல படுத்துக்கிட்டு வாசிக்கேன். ஓடாத எடத்துல வச்சி வாசிச்சா கொமட்டாதுல்லா."

அன்று சாயங்காலம் அவள் ஹாஸ்டலில் இறங்காமல் படப்பை வரை வந்தாள்; நான் இறங்கி வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வரும் வரை பஸ் நின்று காத்திருந்தது. முன் அட்டை கிழிந்து ஒட்டுப் போட்ட, சந்தன வாசனை போகாத முதல் பாகம். அவள் அதைத் துணிப்பையில் சுடிதாருக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. "வாறேன்க்கா" என்றாள். அவளை ஹாஸ்டலில் விட டிரைவர் பஸ்ஸைத் திருப்பினார்.

பிறகு அந்த இடம் காலியாகவே வந்தது. யாரும் உட்காரவில்லை. பஸ் வழக்கம் அப்படி. இரண்டாம் பாகத்தை மறுபடி படித்தேன், இந்தத் தடவை மெதுவாக. ராஜாக்களில் ஓரிருவர் அவ்வளவு மோசமில்லை. ஒரு சித்தப்பா நல்லவர். கடல் அதே கடல். யாராவது கேட்டால் படியுங்கள் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு, அவர்கள் பாதி தூரம் போனதும், "ஆனா..." என்று கூப்பிடுவேன்.

ஒரு நாள் காலை, பஸ்ஸில் இருக்கும்போது அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னணியில் குக்கர் விசில்.

"எக்கா, நல்லாருக்கியளா? மொத பாகம் வாசிச்சிட்டேன். நல்லாருக்கு. ஆனா ஒண்ணு, படகக் கவுத்துற எடத்துல அவ ஒத்தையாத்தான் இருக்கா. நீங்க சொல்லும்போது அவளுக்கு ஒரு தங்கச்சி உண்டும்லா? ரெண்டு பேரும் சேந்துல்லா தூக்குனாவ? புத்தகம் பூரா தேடிட்டேன். தங்கச்சியே இல்ல. எங்கக்கா போனா அவ?"

இரண்டு தடவை கேட்டேன். தங்கை உண்டு. எனக்குத் தெளிவாகத் தெரியும். மூக்கில் கீல் ஒட்டியிருக்கும், அக்கா சொல்வதை எதிர்த்துப் பேசுவாள், படகின் பின்பக்கத்தை அவள்தான் தூக்குவாள். சரிபார்க்கலாம் என்றால் புத்தகம் என்னிடம் இல்லை. அந்த மழைக்காலத்துக் காலைகளையும், அவள் ஃபோனில் தன் தங்கையோடு போட்ட சண்டைகளையும் நினைத்துப் பார்த்தேன். தண்ணி பிடிச்சியா, மாத்திரை சாப்பிட்டாளா, என் சுடிதாரை யாருட்டக் கேட்டு எடுத்த. ஃபோன் அணையும். நான் ஆரம்பிப்பேன்.

செய்தியை ஸ்பீக்கரில் போட்டு டிரைவருக்குக் கேட்க வைத்தேன். அவர் முழுதும் கேட்டார். மேம்பாலம் ஏறக் கியரை மாற்றினார்.

"தங்கச்சி இருந்திச்சே," என்றார். "நீதானே சொன்ன. நான் என் காதால கேட்டேன்."

"புத்தகத்துல இல்லையாம்ணே."

"புக்குல இல்லாங்காட்டி இன்னா?" காலியாக இருந்த பக்கத்து இருக்கையைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரோட்டுக்குத் திரும்பினார். "அக்காக்காரி பூட்டா. கடல் வந்துட்ச்சு. அப்போ படக நிமுத்தி எட்த்துக்கினு தங்கச்சிதான் போயிருக்கும். வேற யாரு போவா?"

அவள் எண்ணை எடுத்து, அதை அப்படியே அவர் வார்த்தையிலேயே பேசி அனுப்பினேன்.